பேட்டரியை முதலில் பிடித்தவர்கள்: மின்சாரக் கார் போட்டியின் பின்னணி

2024ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 1.7 கோடி மின்சாரக் கார்கள் விற்றன. பெட்ரோல் எஞ்சினையும் வைத்துக்கொண்டு, பிளக்கில் செருகியும் சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைபிரிட் கார்களையும் சேர்த்த கணக்கு இது. புதிதாக விற்ற ஐந்து கார்களில் ஒன்றுக்கு மேல் மின்சாரக் கார். 2020ல் இந்த எண்ணிக்கை 30 லட்சம் அளவில்தான் இருந்தது. அந்த 1.7 கோடியில் 1.1 கோடிக்கு மேல் சீனாவில் மட்டுமே விற்றவை. அங்கே இன்று விற்கும் புதுக் கார்களில் ஏறக்குறைய பாதி, பிளக்கில் செருகும் கார்.

நூறு வருடமாக கார் செய்யும் வித்தையைக் கையில் வைத்திருந்தவை அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் போன்ற சில நாடுகள்தான். சீனா அந்தப் பட்டியலில் இருந்ததில்லை. அப்படியிருக்க இந்த மாற்றத்தில் சீனா முந்தியது எப்படி? மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள், சீனா மானியத்தைக் கொட்டியது என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இதைக் கார்களுக்கு இடையிலான போட்டியாகப் பார்க்கும்வரை விஷயம் பிடிபடாது. இது பேட்டரியில் தொடங்கி, பேட்டரியிலேயே பெரும்பாலும் முடிவான போட்டி.

மின்சாரக் கார் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார், 1899ல் பாரிஸ் அருகே கமீல் ஜெனாட்சி ஓட்டிய மின்சாரக் கார். 1900 வாக்கில் அமெரிக்காவில் தயாரான கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரத்தில் ஓடியவை. நீராவிக் கார்கள் அதைவிடச் சற்று அதிகம், பெட்ரோல் கார்கள் மூன்றாம் இடம். சத்தமில்லை, புகையில்லை, கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பும் அவஸ்தையும் இல்லை. 1908ல் ஃபோர்டின் மாடல் டி மலிவு விலையில் வந்தது. 1912ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் கேடில்லாக் காரில் பொருத்தப்பட்டது. பெட்ரோல் காரைக் கிளப்புவதும் சுலபமாகிவிட, எண்ணெயும் மலிவாகக் கிடைக்க, கனமான ஈய பேட்டரியைச் சுமந்துகொண்டு சில பத்து கிலோமீட்டர் மட்டுமே போகும் வண்டிக்கு இடமில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகான நூறு ஆண்டுகளில் எஞ்சின் ஒரு கோட்டைச் சுவராகவே வளர்ந்தது. சிலிண்டருக்குள் நொடிக்குப் பல முறை வெடிப்பை நிகழ்த்தி, அதைச் சத்தமில்லாமல், புகை விதிகளுக்கு உட்பட்டு, லட்சக்கணக்கான கிலோமீட்டர் பழுதில்லாமல் ஓட வைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. எஞ்சின், கியர் பெட்டி, எரிபொருள் செலுத்தும் அமைப்பு, புகைச் சுத்திகரிப்பு என ஒவ்வொன்றிலும் காப்புரிமைகளும் பல தலைமுறைப் பொறியாளர்களின் கைப்பழக்கமும் இருந்தன. புதிதாக வருகிறவரால் அதைத் தாண்ட முடியாது. தென் கொரியா போன்ற ஒன்றிரண்டு நாடுகளே பெரும்பாடு பட்டுத் தாண்டின.

மின்சாரக் காருக்கு இந்தச் சுவர் கிடையாது. மோட்டாரில் சுழலும் பாகங்கள் மிகக் குறைவு. பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதி வெப்பமாக வீணாகும். பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரத்திலோ பெரும்பகுதி சக்கரத்துக்கே போகிறது. ஆக, எஞ்சின் தேவையில்லை என்று ஆனதும் அந்த நூறாண்டு அனுபவத்தின் மதிப்பும் சரிந்தது. அதன் இடத்தில் பேட்டரி வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் ஒரு மின்சாரக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை பேட்டரிக்கே போகும்.

அந்த பேட்டரியைக் கண்டுபிடித்ததில் சீனாவுக்குப் பெரிய பங்கு இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். லித்தியம் அயான் பேட்டரியின் முதல் படி, 1970களில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானில் ஸ்டான்லி விட்டிங்காம் செய்த ஆராய்ச்சி. எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்ற பயம் நிலவிய காலம் அது. 1980ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு பேட்டரியின் மின்முனைக்கு கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தது. 1985ல் ஜப்பானில் அகிரா யோஷினோ, பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய வடிவத்தைச் செய்தார். மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1991ல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆராய்ச்சி நடந்து, ஜப்பானில் பொருளாகி, பின்னர் கொரியாவில் பெருகி, கடைசியில் சீனாவில் குவிந்தது இந்தத் தொழில். கண்டுபிடிப்பது ஒரு திறமை என்றால், கோடிக்கணக்கில் ஒரே தரத்தில், குறைந்த விலையில் செய்வது வேறொரு திறமை. மேலை நாடுகள் முதல் திறமையைக் கொண்டாடி இரண்டாவதைச் சாதாரணமாக நினைத்துவிட்டன. அந்த அலட்சியத்துக்கான விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து.

வாய்ப்பு வராமல் இல்லை. 1990ல் கலிஃபோர்னியா மாநிலம், பெரிய நிறுவனங்கள் புகையே இல்லாத கார்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் விற்றாக வேண்டும் என்று விதி போட்டது. அதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1996ல் இவி1 என்ற காரைக் கொண்டுவந்து வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் கொடுத்தது. நிறுவனங்களின் எதிர்ப்பால் விதி தளர்ந்ததும், ஓட்டியவர்கள் கெஞ்சியும் கேளாமல் கார்களைத் திரும்பப் பெற்று பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. ஜப்பானில் நிசான் 2010லேயே லீஃப் காரை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் டொயோட்டா ஹைபிரிட்டிலேயே நின்றுகொண்டது. ஜெர்மானியர்கள் டீசலை நம்பினார்கள். 2015ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் புகைச் சோதனையில் மோசடி செய்தது அமெரிக்காவில் அம்பலமான பிறகுதான் அவர்கள் அவசர அவசரமாக மின்சாரத்தின் பக்கம் திரும்பினார்கள்.

நடுவே டெஸ்லா. 2003ல் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதலீட்டாளராக ஈலான் மஸ்க் சேர்ந்தார். லேப்டாப்பில் பயன்படும் சிறு செல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி 2008ல் ரோட்ஸ்டர் காரைச் செய்தார்கள். மின்சாரக் கார் என்றால் பொம்மை வண்டி என்ற நினைப்பை 2012ல் வந்த மாடல் எஸ் உடைத்தது. 2010ல் அமெரிக்க எரிசக்தித் துறை கொடுத்த 46.5 கோடி டாலர் கடனும் அந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. 2013லேயே அதை அடைத்துவிட்டார்கள்.

சரி, சீனாவுக்கு வருவோம். ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து நாடு திரும்பியவர் வான் காங். பெட்ரோல் எஞ்சினில் மேற்கைப் பிடிக்கவே முடியாது, எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கும் பந்தயம் மின்சாரக் கார்தான் என்பது அவர் வாதம். 2007ல் அவரே அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரானார். அரசுக்கு வேறு காரணங்களும் இருந்தன. எண்ணெயைப் பெருமளவு இறக்குமதி செய்யும் நாடு. அது வரும் கடல்வழி தன் கையில் இல்லை. நகரங்களில் மூச்சு முட்டும் புகை. 2009ல் அமெரிக்காவைத் தாண்டி உலகின் மிகப் பெரிய கார் சந்தையாகவும் ஆகிவிட்டது. அந்த ஆண்டே நகரங்களில் மின்சாரப் பேருந்து, டாக்ஸி ஓட்டுவதற்கு மானியம் தொடங்கியது.

ஆரம்பத்தில் இது வெற்றி மாதிரியே தெரியவில்லை. கார்கள் மட்டமாக இருந்தன, வாங்க ஆளில்லை, மானியத்தைச் சுருட்டியவர்களும் உண்டு. 2016ல் ஐந்து நிறுவனங்கள் 100 கோடி யுவானுக்கு மேல் ஏமாற்றியதாகச் சீன நிதி அமைச்சகமே அறிவித்தது. ஆனாலும் திட்டத்தைக் கைவிடவில்லை. இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். தேர்தலுக்குத் தேர்தல் கொள்கை மாறும் நாடுகளில், இவ்வளவு சொதப்பலுக்குப் பிறகு ஒரு திட்டம் பிழைத்திருக்காது.

மானியம் என்றவுடன் வாங்குபவருக்குக் கொடுத்த பணம் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதைவிட வலுவான கருவிகள் வேறு. ஷாங்காயில் பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் வாங்கவே ஏலம் எடுக்க வேண்டும், அதுவே ஒரு சின்னக் காரின் விலைக்கு வந்துவிடும். மின்சாரக் காருக்குப் பச்சை பிளேட் இலவசமாகக் கிடைத்தது. 2017ல் வந்த புள்ளி முறைப்படி, ஒவ்வொரு நிறுவனமும் போதுமான அளவு மின்சாரக் கார் செய்ய வேண்டும் அல்லது செய்தவரிடம் புள்ளிகளை விலைக்கு வாங்க வேண்டும். எல்லாவற்றையும்விடத் தீர்மானமானது பேட்டரிப் பட்டியல். அரசு அங்கீகரித்த நிறுவனங்களின் பேட்டரி இருந்தால்தான் காருக்கு மானியம் என்று 2015 முதல் நடைமுறை வந்தது. எல்ஜி, சாம்சங் போன்ற கொரிய நிறுவனங்கள் சீனாவிலேயே தொழிற்சாலை வைத்திருந்தும் பட்டியலில் இல்லை. 2019ல் அந்தப் பட்டியலை எடுப்பதற்குள் உள்ளூர் நிறுவனங்கள் வளர்ந்துவிட்டன.

அப்படி வளர்ந்ததில் முதன்மையானது சிஏடிஎல். ஃபூஜியான் மாகாணத்து நிங்டே நகரில் 2011ல் தொடங்கிய இந்த நிறுவனம், இன்று உலகின் மின்வாகன பேட்டரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்கிறது. டெஸ்லா, பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் என்று எல்லோரும் இதன் வாடிக்கையாளர்கள். அடுத்தது பிஒய்டி. வாங் சுவான்ஃபு என்ற வேதியியல் பட்டதாரி 1995ல் ஷென்ஜென்னில் தொடங்கியது. செல்போன் பேட்டரிதான் முதல் தொழில். 2003ல் நொடித்துப்போன ஒரு கார் நிறுவனத்தை வாங்கினார். 2008ல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே 23 கோடி டாலர் போட்டுப் பத்து சதவீதப் பங்கு எடுத்தது. பிஒய்டி தன் பேட்டரி, மோட்டார், பெருமளவு சிப்புகள் எல்லாவற்றையும் தானே செய்கிறது. 2022 மார்ச்சோடு வெறும் பெட்ரோலில் ஓடும் கார்களை நிறுத்திவிட்டது. 2024ல் 42 லட்சத்துக்கு மேல் கார்களை விற்றது.

இந்த இருவரின் பலம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபின் ஆய்வகத்தில் பிறந்தது அதுவும். விலை உயர்ந்த நிக்கல், கோபால்ட் இரண்டும் இதற்கு வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்காது, நிறைய முறை சார்ஜ் ஏற்றலாம். ஒரே குறை, அதே எடையில் கொஞ்சம் குறைவான மின்சாரம்தான் நிற்கும். மேலை நாட்டு நிறுவனங்களும் கொரிய நிறுவனங்களும் அதிக தூரம் போகும் நிக்கல் வகையைத் துரத்திக்கொண்டிருந்தபோது, சீனர்கள் இந்த மலிவு வகையை விடாமல் செதுக்கினார்கள். 2020ல் வந்த பிஒய்டியின் பிளேடு பேட்டரியில் செல்களை நீளத் தகடுகளாக்கி, நடுவில் தனித்தனிப் பெட்டிகள் இல்லாமல் அடுக்கியதால் இடம் மிச்சமாகி அந்தக் குறையும் பெருமளவு தீர்ந்தது. இன்று உலகின் மின்சாரக் கார் பேட்டரிகளில் ஏறத்தாழ பாதி இந்த வகைதான். 2010 வாக்கில் ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கும் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த பேட்டரி விலை, 2024ல் சராசரியாக 115 டாலருக்கு வந்திருக்கிறது.

உள்ளூர் நிறுவனங்கள் தூங்கிவிடக் கூடாது என்பதிலும் அரசு கவனமாக இருந்தது. வெளிநாட்டு கார் நிறுவனம் என்றால் சீனக் கூட்டாளியோடுதான் தொழிற்சாலை போடலாம் என்ற பழைய விதியை டெஸ்லாவுக்குத் தளர்த்தினார்கள். 2019 ஜனவரியில் ஷாங்காயில் பூமி பூஜை மாதிரி தொடக்க விழா நடந்தது, ஆண்டு முடிவதற்குள் கார்கள் வெளியே வந்துவிட்டன. மக்களிடம் மின்சாரக் காருக்கு ஒரு மவுசு வந்தது. டெஸ்லாவுக்கு ஈடுகொடுக்க முடிந்த உள்ளூர் நிறுவனங்கள் தேறின, மற்றவை காணாமல் போயின.

போன் செய்து விற்றுக்கொண்டிருந்த ஷாவ்மி, 2021ல் கார் செய்யப்போவதாக அறிவித்து 2024ல் எஸ்யு7 காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு முயன்ற ஆப்பிள் தன் கார் திட்டத்தைக் கைவிட்டதும் அதே 2024ல்தான். ஃபோர்டு நிறுவனத்தின் தலைவர் ஜிம் ஃபார்லி, ஆறு மாதமாக எஸ்யு7 ஓட்டுவதாகவும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். ஷாவ்மியால் முடிந்ததற்குக் காரணம், பேட்டரி, மோட்டார், சென்சார், திரை என்று எதைக் கேட்டாலும் பக்கத்திலேயே செய்துதர ஆள் இருந்ததுதான். ஆப்பிளிடம் பணத்துக்குப் பஞ்சமில்லை; இந்தச் சூழல்தான் இல்லை.

இதெல்லாம் நியாயமான போட்டியா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2009 முதல் 2023 வரை சீன அரசு இந்தத் துறைக்குக் கொடுத்த ஆதரவு சுமார் 23,000 கோடி டாலர் என்று அமெரிக்க ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஎஸ் கணக்கிட்டது. பெரிய தொகை. தேவைக்கு மேல் தொழிற்சாலைகள் முளைத்தன. உள்நாட்டில் விலைப்போர் மூண்டது; 2025 மே மாதம் பிஒய்டி ஒரே அடியாக இருபதுக்கும் மேற்பட்ட மாடல்களின் விலையை 34 சதவீதம் வரை குறைத்தது. அதன் சுமை உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்கள் தலையில் விடிந்தது, பல மாதம் கழித்தே பணம் கிடைக்கும் நிலை. அரசு தலையிட்ட பிறகு, 60 நாட்களுக்குள் பணம் கொடுப்போம் என்று பெரிய நிறுவனங்கள் 2025 ஜூனில் உறுதி கூறின. உள்ளே விற்காதது வெளியே போகிறது. 2023ல் ஜப்பானைத் தாண்டி உலகின் மிகப் பெரிய கார் ஏற்றுமதி நாடானது சீனா. பிஒய்டி சொந்தமாகக் கப்பலே விட்டிருக்கிறது.

பதிலுக்கு மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். அமெரிக்கா 2024ல் சீன மின்சாரக் கார்களுக்கான வரியை 25லிருந்து 100 சதவீதமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு அக்டோபரில், ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல் பிஒய்டிக்கு 17, ஜீலிக்கு 18.8, அரசு நிறுவனமான எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம் என்று கூடுதல் வரி போட்டது. வரியால் அவகாசம் கிடைக்கும், அதை மறுக்க முடியாது. அந்த அவகாசத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் கவலை வருகிறது. அமெரிக்கா 2022ல் கொண்டுவந்த சட்டம், வட அமெரிக்காவில் பூட்டி முடித்த மின்சாரக் கார் வாங்க 7,500 டாலர் வரிச்சலுகை தந்தது. அதை நம்பிப் பேட்டரித் தொழிற்சாலைகள் எழும்பின. ஆட்சி மாறியது, 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு சலுகை முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஃபோர்டு தன் மின்சாரத் திட்டங்களைச் சுருக்கி, 1,950 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதுவதாக அறிவித்தது. ஜெர்மனியில் 2023 டிசம்பரில் ஒரே வாரயிறுதியில் மானியம் நின்றது. மறு ஆண்டு மின்சாரக் கார் விற்பனை 27 சதவீதம் விழுந்தது. மாறாக, பல ஆண்டுகளாக ஒரே வரிக்கொள்கையில் நின்ற நார்வேயில் 2024ல் விற்ற புதுக் கார்களில் 89 சதவீதம் முழு மின்சாரக் கார்கள். நார்வேக்குச் சொந்தக் கார் தொழில் கிடையாது, காப்பாற்ற வேண்டிய எஞ்சினும் கிடையாது.

காப்பாற்ற வேண்டியது நிறைய உள்ள இடம் ஜெர்மனி. எஞ்சினையும் அதன் உதிரிபாகங்களையும் நம்பி ஊர் ஊராகக் குடும்பங்கள் இருக்கின்றன. 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்தத் தொழிலாளர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டு யாரும் இந்த மாற்றத்தைச் செய்துவிட முடியாது.

பேட்டரியைத் தானே செய்யலாம் என்று ஐரோப்பா முயன்ற கதை நார்த்வோல்ட். டெஸ்லாவில் வேலை பார்த்த பீட்டர் கார்ல்சன் 2016ல் தொடங்கினார். ஸ்வீடனின் வடபகுதியில் ஷெலெஃப்டியோ நகரில், தூய்மையான நீர்மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலை. கடனும் முதலீடுமாக 1,500 கோடி டாலர் அளவுக்குத் திரட்டினார்கள். செல் செய்யத் தொடங்கியதும் உண்மை தெரிந்தது. மைக்ரான் கணக்கில் பூச்சு பிசகினாலும், துளி ஈரப்பதம் புகுந்தாலும் செல் குப்பைக்குத்தான் போகும். உற்பத்தி திட்டமிட்டதில் சிறு பகுதியைக்கூட எட்டவில்லை. 2024ல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரைத் திரும்பப் பெற்றது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவால். சீன நிறுவனங்களும் இதே மாதிரி குப்பை மலைகளைக் குவித்துத்தான் கற்றுக்கொண்டன, ஆனால் அவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன.

பேட்டரிக்குக் கீழே இன்னொரு அடுக்கு உண்டு: கனிமங்கள். லித்தியம் அதிகம் வெட்டியெடுக்கும் நாடு ஆஸ்திரேலியா, கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ, நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியா. ஆனால் சுத்திகரிப்பு பெரும்பாலும் சீனாவில் அல்லது சீன நிறுவனங்களின் கையில். மோட்டாருக்கு வேண்டிய, அரிய மண் தனிமங்கள் என்ற உலோக வகையால் செய்யும் காந்தங்களில் சுமார் 90 சதவீதம் அங்கேதான் தயாராகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரிகளுக்குப் பதிலடியாக ஏழு அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்ததும், சில வாரங்களில் கார் தொழிற்சாலைகள் அங்கங்கே நின்றன. காங்கோவில் பாதுகாப்பே இல்லாத சுரங்கக் குழிகளில் இறங்கும் மக்களையும், இந்தோனேசியாவில் நிக்கல் உருக்க எரியும் நிலக்கரியையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் மின்சாரக் காரைத் தூய்மையானது என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. மின்சாரக் காரின் வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் பெட்ரோல் காரைவிட உமிழ்வு குறைவு என்பது பெரும்பாலான நாடுகளுக்குப் பொருந்தும். அந்த நன்மைக்காக யார் எங்கே எதைச் சுமக்கிறார்கள் என்பதும் போட்டியின் ஒரு பகுதியே.

இப்போது நடப்பது ஒரு தலைகீழ் மாற்றம். 1984ல் ஃபோக்ஸ்வாகன் ஷாங்காயில் கூட்டு நிறுவனம் தொடங்கியபோது, சந்தையைத் தருகிறோம், தொழில்நுட்பத்தைத் தாருங்கள் என்பது சீனாவின் நிபந்தனை. 2023ல் அதே ஃபோக்ஸ்வாகன், மென்பொருளும் மின்னணுவும் கற்க எக்ஸ்பெங் என்ற இளம் சீன நிறுவனத்தில் 70 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. பியூஜோ, ஃபியட் கார்களைச் செய்யும் ஸ்டெல்லான்டிஸ், லீப்மோட்டார் என்ற இன்னொரு சீன நிறுவனத்தில் 150 கோடி யூரோ போட்டது. ஃபோர்டு மிச்சிகனில் கட்டும் பேட்டரித் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்ப உரிமம் தருவது சிஏடிஎல். ஹங்கேரியின் டெப்ரெசெனில் சிஏடிஎல் தானே கட்டுகிறது. ஸ்பெயினின் சரகோசாவில் ஸ்டெல்லான்டிஸோடு சேர்ந்து 410 கோடி யூரோ வரை செலவிடுகிறது. வெறும் பூட்டி இணைக்கும் கூடமாக அவை நின்றுவிடக் கூடாது, எங்கள் பொறியாளர்களும் கற்க வேண்டும் என்று ஐரோப்பாவில் குரல் எழுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சீனா கேட்டதும் அதையேதான்.

சீனாவும் அதை மறக்கவில்லை. 2025 ஜூலையில், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கான மூலப்பொருள் தயாரிப்பு முறைகளையும் லித்தியம் பதப்படுத்தும் சில முறைகளையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும் என்று அந்நாட்டு வர்த்தக அமைச்சகம் விதித்தது. சரகோசாவில் கட்டடம் எழும்பலாம், இயந்திரங்களும் வந்து இறங்கலாம். அவற்றோடு எவ்வளவு வித்தை கூட வரும் என்பதை பெய்ஜிங்கின் அனுமதிக் கடிதங்கள்தான் முடிவு செய்யும்.